வாசகர் கேள்வி: இரைச்சலில் பக்தி உண்டா?

கேள்வி: டேனியல் ஏமஸ் குழுவின் 'டாப்பல்கேங்கர்' ஆல்பத்தையே எங்கள் கோயில் பாடகர் குழுப் பையன்கள் ஓயாமல் போடுகிறார்கள். அந்த இரைச்சலில் பக்தி எங்கே இருக்கிறது? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: இருக்கிறது ஐயா. கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் தொடங்கிய கலிபோர்னியாக் கிறிஸ்தவ ராக் குழு அது. 1981-ல் 'அலார்மா' ஆல்பத்தில் நியூ வேவ் என்ற ராக் பாணிக்குத் திரும்பியது. 'டாப்பல்கேங்கர்' 1983-ல் வந்தது. முதல் பாட்டு 'ஹாலோ மேன்': முந்தைய ஆல்பத்துப் பாட்டொன்றின் இசையைப் பின்னோக்கி ஓடவிட்டு, அதன்மேல் குழுவின் பாடகர் டெர்ரி டெய்லரின் குரல். உள்ளீடற்ற மனிதனை இதைவிட எப்படிக் கேட்க வைப்பது! அப்புறம் 'நியூ கார்', ஆண்டவரிடம் கார் கேட்கச் சொல்லும் பிரசங்கத்தைச் சாடுகிறது. கடலுக்குப் போனவர் கரை திரும்பினால் போதுமென்று மெழுகுவத்தி ஏற்றும் எங்கள் பாம்பன் பெண்களுக்கு அந்தக் கோபம் சட்டென்று விளங்கும். பூசையில் வேண்டாம், சரி. சந்தியாகப்பர் திருவிழா மேடையில் பையன்கள் வாசிக்கட்டும். கீபோர்டுக்கு நான் வருகிறேன்.