இரண்டு சேவல்கள் இருந்தால் மேயும் கோழிகளைப் பருந்திடமிருந்து காக்க முடியுமா?

ஓரளவு முடியும், ஆனால் அது சேவல் பருந்தோடு மோதுவதால் அன்று, முன்கூட்டியே எச்சரிப்பதால்தான். வானில் பருந்தையோ வல்லூறையோ கண்டதும் சேவல் எழுப்பும் நீண்ட, மெல்லிய குரல், நாய், கீரி போன்ற தரைவழி எதிரிகளைக் கண்டு அது விட்டுவிட்டுக் கொக்கரிப்பதிலிருந்து வேறுபட்டது என்பதால், கேட்ட மாத்திரத்தில் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடும். ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் அந்த எச்சரிக்கையால் பயனில்லை. எனவே இரண்டாவது சேவலைவிட அடர்ந்த புதர்களும் தாழ்வான பந்தலுமே முக்கியம் என்பேன். குஞ்சுகளுக்கோ மேலே வலை மூடிய அடைப்பு கட்டாயம் தேவை. மினுங்கும் நாடாக்களும் பொம்மைகளும் சில நாட்களில் பருந்துக்குப் பழகிவிடும்.

சேவல்களுக்குள் யார் பெரியவன் என்பது தீரும் வரை சண்டை நடக்கும். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள், தனித்தனித் தீவனத் தொட்டிகள், தோற்றது விலகிச் செல்லப் போதிய பரப்பு ஆகியவை இருந்தால் அவை பெரும்பாலும் தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடும். இரத்தக் காயம் தொடர்ந்தால் பிரித்து அடைப்பதே வழி. சிறிய மந்தைக்கு ஒன்றே போதும். பருந்தைக் கொல்ல முயல வேண்டாம்; பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.