அலுமினிய வெல்டிங்கில் மீயொலி: இந்த ஆய்வு வேலை வாங்கித் தருமா?

வணக்கம் அம்மா. அலுமினியத்தை வெல்டிங் செய்யும்போது மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) அதிர்வு கொடுத்தால் அதன் நுண்ணமைப்பு, அதாவது உள்ளே இருக்கும் படிகங்களின் அளவும் வடிவமும், எப்படி மாறும் என்பதை உங்கள் மகள் முதுநிலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். இவ்வளவு குறுகலான தலைப்பைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை.

தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். தலைப்பு குறுகல்தான், ஆனால் அதைத் தொட வேண்டுமானால் அலுமினிய வெல்டிங்கின் தலைவலிகள் முழுவதையும் படித்தாக வேண்டும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய உள்ளே இழுத்துக்கொள்ளும். உறையும்போது அதை வைத்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடும். வெளியேறாத வாயு துளைகளாகத் தங்கிவிடும். படிகங்களும் வெல்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீளநீளமாக வளரும். கடைசியாக உறையும் திரவம் அவற்றின் இடுக்குகளில் மாட்டிக்கொள்ள, உலோகம் சுருங்கி இழுக்கும்போது அங்கேதான் விரிசல் விழும். 6061 என்ற அலுமினியக் கலப்புலோகத்தை, இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பி இல்லாமல் வெல்டிங் செய்தால் இந்த விரிசல் எளிதில் வரும். சுமார் 5 சதவீதம் சிலிக்கான் உள்ள 4043 கம்பியைப் பயன்படுத்துவது அதனால்தான். 7075 என்ற கலப்புலோகம் இன்னும் மோசம், உருக்கி இணைக்கவே தயங்குவார்கள்.

மீயொலி இங்கேதான் உதவுகிறது. 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வு உருகிய உலோகத்துக்குள் போனால், நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி நொறுங்கும். அந்த அதிர்ச்சியில் வளரும் படிகக் கிளைகள் முறியும். முறிந்த துண்டுகளிலிருந்து புதிய படிகங்கள் முளைக்கும். திரவமும் கலங்கி வெப்பம் பரவலாகும். நீண்ட படிகங்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்னதாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவான படிகங்கள் கிடைக்கும். விரிசல் குறையும், ஹைட்ரஜன் குமிழிகள் ஒன்றுசேர்ந்து மேலே வர வழி கிடைப்பதால் துளைகளும் குறையலாம்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வார். "வெல்டுக்குப் பக்கத்தில் உருகாமல் சூடான பகுதி என்ன ஆகும்?" என்பது அடுத்த கேள்வியாக வரும். வெப்பப் பதப்படுத்தலால் வலிமையூட்டிய 6061-டி6 தகட்டில் அந்தப் பகுதி மென்மையாகிவிடும். வலிமை தரும் நுண்வீழ்படிவுகள் (உலோகத்துக்குள் பிரிந்து நிற்கும் மிகச் சிறிய துகள்கள்) வெப்பத்தில் கரைந்தோ பருத்தோ போவதுதான் காரணம். வெல்டின் உருகிய உலோகக் குட்டையில் கொடுக்கும் அதிர்வு இதைச் சரிசெய்யாது. தன் முறை எங்கே உதவாது என்று தெளிவாகச் சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன், வேலை கொடுப்பவர்களும் அப்படித்தான்.

வேலை எங்கே என்றால், விமான பாகங்கள், ரயில் பெட்டிகள், கப்பல்கள், மின்வாகன பேட்டரிகள் என்று அலுமினியத்தை இணைக்கும் எல்லா இடத்திலும் வெல்டிங் பொறியாளரும், உடைந்த பாகத்தை ஆராய்கிறவரும் தேவை. பேட்டரி இணைப்புகளுக்குப் பயன்படும் மீயொலி வெல்டிங் வேறு விஷயம், அங்கே உலோகம் உருகுவதே இல்லை. வெல்டின் குறைகளைச் சோதிக்கும் மீயொலிக் கருவி மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும், அதுவும் வேறு. மூன்றையும் குழப்பாமல் பேசத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. விண்ணப்பத்தில் "மீயொலி நிபுணர்" என்று போட வேண்டாம். "அலுமினிய வெல்டில் விரிசல், துளை ஆய்வு" என்று போடட்டும்.

அப்புறம், எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதிரியை வெட்டி, மெருகேற்றி, படிக எல்லைகள் தெரிய அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதை அவரே செய்ய வேண்டும். அலுமினியம் மென்மையானது, மெருகேற்றும்போது கீறல் விழுந்துகொண்டே இருக்கும். பொறுமை வேண்டும். அதே மின்னோட்டம், அதே வேகம், அதிர்வு மட்டும் இல்லாத ஒரு வெல்டையும் செய்து ஒப்பிட வேண்டும். இது இல்லாத படங்களை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அமிலம் என்றதும் பயப்படாதீர்கள், ஆனால் அலட்சியமும் கூடாது. வழக்கமாகப் பயன்படும் கெல்லர் கரைசல் என்ற அமிலக் கலவையில், தோலில் பட்டால் ஆபத்தான ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. சரியான கையுறை, அமிலப் புகையை வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டி, அந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இவை மூன்றும் ஆய்வகத்தில் இருக்கின்றனவா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அடுத்து, அதிர்வுக் கருவி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வாங்கப் போகிறார்களா என்று வழிகாட்டியிடம் கேட்கட்டும். இனிமேல்தான் என்றால், தலைப்பை மாற்றுவது பற்றி அப்போது பேசுவோம்.