பெண்களோடு கதைக்க வராது என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஆண்கள் பாடசாலையில் ஏ.எல். வரை படித்துவிட்டு இப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன், மண்முனைப் பாலத்தால் தினமும் வந்துபோகிறேன். எனக்குப் பெண்களோடு கதைக்கவே வராது. கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையோடு மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் கதைத்து, கடைசியில் விருப்பத்தைச் சொன்னேன். “உங்கள அண்ணா மாதிரித்தான் நினைச்சன்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஜிம்முக்குப் போனேன், யூடியூபில் பெண்களைக் கவருவது எப்படி என்று வீடியோக்கள் பார்க்கிறேன், ஒன்றும் மாறவில்லை. நான் கறுப்பு, உயரமும் குறைவு, இங்கிலீசும் வராது. அம்மா சாதகத்தைக் கையில் எடுத்துவிட்டா. எனக்கு விரும்பிக் கட்டத்தான் ஆசை. என்னை மாற்றிக்கொள்ள எதில் தொடங்க வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்கு முதலே நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், ஜிம், வீடியோ என்று. உங்கள் ஊர்ப் பக்கம் வயல் மஞ்சளாகிறது என்றால் தண்ணீர் கூடினதா, பசளை குறைந்ததா, பூச்சியா என்று இறங்கிப் பார்க்காமல் யாரும் மருந்தடிக்க மாட்டார்கள். உங்கள் விஷயத்தில் மட்டும் எது பிழை என்று பார்க்காமலே மருந்தை அடித்துவிட்டு, பயிர் தேறவில்லை என்று கவலைப்படுகிறீர்கள்.

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு எனக்கு எழுதிய கடிதத்தை நீங்களே திரும்ப வாசியுங்கள். அதில் நடந்தது எது, நீங்களாகச் சொல்லும் தீர்ப்பு எது என்று பிரியுங்கள். ஒரு பிள்ளையிடம் விருப்பம் சொன்னீர்கள், அவர் மறுத்தார், அது நடந்தது. “எனக்குப் பெண்களோடு கதைக்கவே வராது” என்பது தீர்ப்பு. அதுவும் பிழையான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறவரிடம் பெண்கள் வருவதில்லையா? வீடு கட்டுகிற ஒரு அக்கா பில்லைக் காட்டி “இது ஏன் தம்பி இவ்வளவு?” என்று சண்டைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? கதைப்பீர்கள், விளக்குவீர்கள், சிலவேளை சிரிக்க வைத்தும் அனுப்புவீர்கள். ஆகவே கதைக்க உங்களுக்கு வரும். எந்தப் பெண்ணிடம் உங்களுக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதோ, அவர் முன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது “பெண்களோடு கதைக்க வராது” என்பதைவிட எவ்வளவு சின்னப் பிரச்சினை என்று பாருங்கள், திருத்தக்கூடியதும்கூட.

அடுத்ததாக ஒரு கணக்கு எழுதுங்கள், கணக்குத்தானே உங்கள் தொழில். போன ஆறு மாதத்தில் வீட்டாரும் கடை வேலையும் தவிர்த்து, யாரோடெல்லாம் ஒரு கால் மணித்தியாலமாவது நேரில் உட்கார்ந்து கதைத்தீர்கள்? ஆண், பெண், கிழவர், பொடியன் எல்லாரையும் எழுதலாம். உங்களைப் போல எழுதுகிறவர்கள் பலரிடம் இதைக் கேட்டால் அந்தப் பக்கம் அநேகமாக வெறுமையாகத்தான் இருக்கிறது, அதுவே ஒரு விடை. ஆண்கள் பாடசாலை, டியூசனில் பெண் பிள்ளைகள் ஒரு பக்கம் பொடியன்கள் மறுபக்கம், கோயிலில் தனி வரிசை, கலியாண வீட்டில் ஆம்பிளைகள் பந்தலில் பெண்கள் உள்ளே, இப்படி வளர்ந்துவிட்டு 28 வயதில் திடீரென்று சரளமாகக் கதைக்க வேண்டும் என்றால் பழக்கம் எங்கிருந்து வரும்? ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கே சேர்ந்து செலவழிக்கும் நேரம் 50 மணித்தியாலம் அளவில் தேவைப்படுகிறது என்றும், நெருங்கிய நண்பராக 200க்கு மேல் போகிறது என்றும் கண்டார். உங்களுடைய மணித்தியாலங்களை அதே கொப்பியில் கூட்டிப் பாருங்கள். பழக்கம் குறைவு என்பதும் தகுதி குறைவு என்பதும் இரண்டு வேறு விஷயங்கள், நீங்கள் முதலாவதை இரண்டாவதாக எழுதிவைத்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவது கொஞ்சம் சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாத வாட்ஸ்அப்பைத் திறந்து முதலில் இருந்து வாசியுங்கள். கேள்வி கேட்டது யார்? “ம்”, “ஓம் அண்ணா” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது எத்தனை தரம்? பதில் வராமல் இருந்தபோது நீங்கள் இன்னொன்று அனுப்பினீர்களா, இரவு பதினொரு மணிக்கு “சாப்பிட்டீங்களா” என்று கேட்டீர்களா? கடிதத்தில் “அவரோடு கதைத்து” என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் உங்களோடு கதைத்தாரா என்பதை அந்தத் திரையே சொல்லும். ஒரு பெண்ணாக நான் சொல்லக்கூடியது இது: ஒரே கடையில் தினமும் முகம் பார்க்கவேண்டிய ஒருவரிடம் “எனக்கு விருப்பமில்லை, மெசேஜ் போடவேண்டாம்” என்று சொல்வது பெண்ணுக்கு லேசான காரியம் இல்லை. வேலை போகுமோ, அவர் கோபப்பட்டுக் கதை கட்டுவாரோ, ஸ்கிரீன்சொட் எடுத்து யாருக்காவது காட்டுவாரோ என்றெல்லாம் யோசிக்கவேண்டி இருக்கிறது. நம்முடைய ஊர் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும், ஒரு பிள்ளை ஒருவரோடு கல்லடிக் கடற்கரையில் பத்து நிமிஷம் நின்றால் அந்தப் பிள்ளை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே “அண்ணா” என்றது அவருக்குக் கிடைத்த மிகப் பாதுகாப்பான மறுப்பு. உங்கள் நிறத்தையும் உயரத்தையும் அளந்து பார்த்துச் சொன்ன மதிப்பெண்ணாக அதை எடுக்க வேண்டாம்.

இதிலேயே இன்னொரு கேள்வி, யாருக்கும் காட்டத் தேவையில்லை, ஆனால் உண்மையை எழுதுங்கள். அவர் மறுத்தபோது கவலை மட்டுமா வந்தது, கோபமும் வந்ததா? “இவ்வளவு அன்பாக இருந்தேனே” என்று உள்ளே ஒரு குரல் வந்ததா? வந்திருந்தால் நீங்கள் கெட்டவர் என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த அன்பைக் கடனாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் தன்னம்பிக்கையை மட்டும் வளர்த்தால் அடுத்த பெண்ணிடமும் கூடுதல் தைரியத்தோடு அதையேதான் செய்வீர்கள். கண்டுகொள்ளாமல் விடு, பொறாமைப்பட வை என்று சொல்லித்தருகிற வீடியோக்களை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

உங்களைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைக்க வேண்டாம். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் இதை ஆராய்ந்தார். பயம், பதற்றம் போல உள்ளுக்குள் நடப்பவற்றை நாமே சரியாக மதிப்பிடுகிறோம், ஆனால் புத்திசாலித்தனம் போல நல்லது கெட்டது என்று எடைபோடப்படும் குணங்களில் நம்மைவிட நண்பர்கள் சொல்வது சரியாக இருக்கிறது. உங்களுக்குப் பயம் இருக்கிறது என்றால் அதை நான் அப்படியே நம்புகிறேன். “யாருக்கும் என்னைப் பிடிக்காது” என்ற தொனியில் எழுதியிருப்பதை நம்பவில்லை, அது மற்றவர்களிடம் கேட்டு அறியவேண்டியது. 2018இல் எரிக்கா பூத்பி முதலானோர் செய்த ஆய்வும் இதையே காட்டியது: புதிதாகச் சந்தித்துக் கதைத்தவர்கள், மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே எண்ணினார்கள்.

சரி, யாரிடம் கேட்பது? கூட்டாளிமார் வேண்டாம், ஒன்றில் பகிடி பண்ணுவார்கள், இல்லாவிட்டால் “நீ சூப்பர் மச்சான்” என்று முடிப்பார்கள். தங்கச்சி, கலியாணம் முடித்த மச்சாள், கூட்டாளி ஒருவரின் மனைவி, இப்படி உங்களிடம் ஒன்றும் எதிர்பார்க்காத, வாய்திறந்து சொல்லக்கூடிய ஒரு பெண்ணிடம் கேளுங்கள். “நான் எப்படி?” என்று கேட்டால் “நல்ல பிள்ளைதானே” என்றுதான் வரும். “நான் கதைக்கும்போது ஆக்களுக்குச் சங்கடமாக இருக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க” என்று கேளுங்கள். குரல் கேட்காது, கண்ணைப் பார்ப்பதில்லை, உன்னைப் பற்றியே கதைக்கிறாய், வாய் மணக்கிறது, என்ன வந்தாலும் தர்க்கம் பண்ணாமல் நன்றி சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்களிடம் அவர்களுக்குப் பிடித்த ஒன்றையும் கேளுங்கள், அதையும் அதே மரியாதையோடு எழுதுங்கள். அதைத் தட்டிக்கழித்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கறுப்பு, உயரம். இதில் பொய் சொல்ல மாட்டேன். நிறம் பார்க்கிற ஆக்கள் இருக்கிறார்கள், கலியாணப் பேச்சில் “பொடியன் கொஞ்சம் கறுப்பு” என்று சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், வெயிலும் உப்புக்காற்றும் உள்ள இந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் இதைச் சொல்வது எனக்கு மனவருத்தம். ஆனாலும் அவை உங்களால் மாற்ற முடியாதவை. கொப்பியில் அவற்றை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி மூடிவிடுங்கள். வெள்ளையாக்கும் கிறீம் பக்கம் தயவுசெய்து போகவேண்டாம், அவற்றில் பலவற்றில் பாதரசம் இருப்பதாக உலக சுகாதார அமைப்பே எச்சரித்திருக்கிறது. இங்கிலீசு தொழிலுக்கு உதவும், அதற்காகப் படியுங்கள், இந்த விஷயத்தோடு சேர்க்காதீர்கள்.

விரும்பிக் கட்ட ஆசை என்றீர்களே, அதையும் கொஞ்சம் நேர்மையாகப் பாருங்கள். நமது பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு வளவு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பது. நீங்கள் விரும்புகிற பிள்ளைக்கு வீடு இல்லை என்றால், அம்மா அழுதால், அப்போதும் நிற்பீர்களா? இதற்கு விடை தெரியாமல் ஒரு பிள்ளையின் மனதில் ஆசையை வளர்த்துவிட்டுப் பின்வாங்குகிற ஆம்பிளைகளால் எத்தனை கடிதங்கள் எனக்கு வருகின்றன தெரியுமா. இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு துணை வேண்டுமா, அல்லது ஒரு பெண் “ஓம்” என்று சொல்லி உங்கள் மீதான உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க வேண்டுமா? இரண்டாவதுதான் என்றால் அந்தச் சுமையை எந்தப் பிள்ளையின் தலையிலும் ஏற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டுவது அந்தப் பிள்ளை முன்னால் மட்டும்தானா? அல்லது பாங்க் கவுண்டரில் நிற்கவும், நாலு பேர் முன்னால் சாப்பிடவும், தெரியாத நம்பர் அழைத்தால் எடுக்கவும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? கலியாண வீடுகளைத் தவிர்க்கிறீர்களா, ஆக்களைச் சந்திக்க முதல் குடிக்க வேண்டியிருக்கிறதா? இது ஆறு மாதத்துக்கு மேலாக இருந்து வேலையையும் வாழ்க்கையையும் இழுத்துப் பிடிக்கிறது என்றால், இதைக் கூச்சம் என்று விடக்கூடாது, சமூகப் பதற்றம் என்கிற நோயாக இருக்கலாம். அந்த நிலையில் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடும், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, கை நடுங்குகிறதா முகம் வியர்க்கிறதா என்று உங்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுகிற பேச்சுச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், முதலில் கதைத்துப் பார்க்க வேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். யாராவது கண்டால் என்ன நினைப்பார்களோ என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அப்படி இல்லாவிட்டால் வேலை இலகு. கொப்பியில் வந்ததில் ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் தேர்வதென்றால் கேட்பதையே எடுப்பேன், கேள்வி கேட்பதையும் காதுகொடுத்துக் கேட்பதையும். ஹாவார்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர் சொன்னதைத் தொடர்ந்து அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்டவர்களை ஆக்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது, சில நிமிட அறிமுகச் சந்திப்புகளிலும் அவர்களை மறுபடி சந்திக்கக் கூடுதல் பேர் சம்மதித்தார்கள். இதைப் பழக யாரையும் விரும்பத் தேவையில்லை. வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், கோயில் வேலைக்கு எல்லா வீட்டு ஆக்களும் வருவார்கள், ஓரமாக நிற்காமல் உள்ளே போய் ஒரு வேலையை ஏற்றுச் செய்யுங்கள், வயதான அம்மாமாரிடம் பழைய சடங்குக் கதை கேளுங்கள். இரத்ததான முகாம், சிரமதானம், பின்னேர வகுப்பு எதுவானாலும் திரும்பத் திரும்ப அதே முகங்களைச் சந்திக்கிற இடமாகப் பாருங்கள்.

அம்மாவின் சாதகத்தோடும் சண்டை வேண்டாம். பேச்சு வந்தால், இரண்டு வீட்டுக்கும் தெரிய, அந்தப் பிள்ளையோடு தனியாக ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். பேசிச் செய்த கலியாணத்திலும் விருப்பம் வளர இடம் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் மறுக்க உரிமை இருக்கிறது என்பதை இரண்டு வீட்டிலும் நீங்களே சொல்லுங்கள்.

கடையில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு இனி வேலை விஷயம் தவிர ஒரு மெசேஜும் போடவேண்டாம், “சொறி” என்றுகூட. காலையில் கண்டால் மற்றவர்களுக்குச் சொல்வது போலவே வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தங்கச்சியோ மச்சாளோ என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள், கேட்கச் சங்கடமாக இருந்த பகுதியையும் விடாமல் எழுதுங்கள், மிச்சத்தை அதை வைத்துக் கதைப்போம்.