ஒரே பேச்சு ஒரு பக்தரைப் புண்படுத்துகிறது, இன்னொருவர் கண்டுகொள்வதில்லை. ஏன்?

ஒரு மதத்தினர் புனிதமாக நினைப்பதைப் பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ இழிவுபடுத்துவதைத்தான் மத உணர்வைப் புண்படுத்துவது என்கிறோம்.

அது ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி தாக்கும். எங்கள் கொடைக்கானலின் டிசம்பர் குளிரில் மதுரைக்காரர் கம்பளிக்குள் நடுங்குவார். மன்னவனூர் விவசாயி வெறும் சட்டையோடு பூண்டுக் காட்டில் நிற்பார். குளிர் ஒன்றுதான், பழக்கம் வேறு. முன்பே அவமானப்பட்டவருக்குச் சின்னக் கேலியும் சுடும். பூம்பாறை குழந்தை வேலப்பரைக் கும்பிடாமல் என் பாட்டி அடுப்பு மூட்ட மாட்டார். யாராவது முருகனைக் கேலி செய்தால், "அவன் பாத்துக்குவான்" என்று நகர்ந்துவிடுவார். சித்தப்பாவுக்கோ அன்று சோறு இறங்காது. கோபப்படாதவருக்குப் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, சட்டம்? பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான வரம்பு வைக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 19(2). மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்க 1927-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று ஆண்டு வரை சிறை.

"மனம் புண்பட்டது" என்றாலே பேசியவர் குற்றவாளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.