பார்வை, கவனம், மூளை அலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கண்ணை அசைக்காமல் இரண்டு பொருள்களை ஒரே சமயத்தில் கவனிக்க முடியுமா?

ப: முடிவதாகத் தோன்றுகிறது. உண்மையில் கவனம் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வருவதாகத்தான் தெரிகிறது. லாண்டாவ், ஃப்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பொருளுக்கும் நொடிக்குச் சுமார் 4 முறை கவனம் வந்தது. ஒன்று துலங்கும்போது மற்றது சற்று மங்கியது. சுமார் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஆல்ஃபா (நொடிக்குச் சுமார் பத்து முறை துடிக்கும் மூளை அலை) கூடினால் கவனமும் கூடும்தானே?

ப: மூளையின் எந்தப் பக்கத்தில்? அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. வலப்புறத்தைக் கவனித்தால், அந்தப் பக்கக் காட்சியைக் கையாளும் இடப் பார்வைப் புறணியில் (மூளையின் பார்வைப் பகுதியில்) ஆல்ஃபா தணியும். வலப் புறணியில் ஓங்கி, வேண்டாத பக்கத்தை அடக்கி வைக்கும்.

கே: நொடிக்கு 6 முறை துடிக்கும் (6 ஹெர்ட்ஸ்) ஒலியை ஹெட்ஃபோனில் கேட்கிறேன். தீட்டா (ஆல்ஃபாவைவிட மெதுவான மூளை அலை) உயர்ந்து கவனம் கூர்மையாகுமா?

ப: இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. என்ன வேலைக்கு, எவ்வளவு நேரம், எதை வைத்து அளந்தீர்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. கவனத்தின் தாளம் காது வழியே ஊற்றுகிற சரக்கல்ல. நெற்றிப்பகுதி, உச்சிப்பகுதி, மூளையின் நடுவிலுள்ள தாலமஸின் ஒரு பகுதியான பல்வினார் ஆகியவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் எழுவது அது. அப்படிப்பட்ட ஒலிகளைச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

நொடிக்கு 4 முறை என்ற அந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் பாருங்கள். ஒரு மின்னல்பொட்டைக் காட்டி, வெவ்வேறு இடைவெளியில் மங்கலான குறியை வைத்து, நூற்றுக்கணக்கான முறை 'தெரிந்ததா?' என்று கேட்டு எடுத்த சராசரி அது. சராசரியில் ஏற்ற இறக்கம் இருந்தாலே தாளம் என்று சொல்லிவிட முடியாது. தாளமே இல்லாத அலைவும் வழக்கமான கணக்கீட்டில் தாளம்போலத் தெரியும் என்று புரூக்ஷயர் என்ற ஆய்வாளர் 2022-இல் காட்டினார். விவாதம் முடியவில்லை. அலை கடிகாரமல்ல, திருகி வைக்கும் குமிழுமல்ல. தயவுசெய்து இந்த ஒலிகளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கே: மூளை அலைகள் பற்றி விளக்கவும்.

ப: எதை? கேள்வியோடு எழுதுங்கள்.

கே: நகரும் பொருள்கள் எத்தனையைப் பின்தொடரலாம்?

ப: மெதுவாக நகர்ந்தால் நாலைந்து. பாதி இடப்புறமும் பாதி வலப்புறமும் இருந்தால் எளிது. சுழலும் வட்டங்களை வைத்து ஹோல்கம்ப், சென் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் அளந்த வரம்பு: ஒரு பொருளைப் பின்தொடர்ந்தால், ஓர் இடத்தை நொடிக்கு 7 பொருள்கள் கடக்கும் வேகம் வரை; இரண்டைப் பின்தொடர்ந்தால் 4, மூன்றைப் பின்தொடர்ந்தால் இரண்டரை. பங்காளி கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் முறை வரத் தாமதமாகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். இங்கும் அதேதான்: சுமார்.