நெஞ்சுக்குள் டால்க் செலுத்துவது ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது, ஊசி போட்டு எடுத்தாலும் சில நாட்களில் திரும்ப சேர்ந்துவிடுகிறது. டால்க் பவுடரைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்து, நீர் சேர இடமில்லாமல் செய்யலாம் என்கிறார் டாக்டர். டால்க்கே புற்றுநோய் தரும் என்கிறார்களே, சம்மதிக்கலாமா?

பதில்: புற்றுநோய் பயத்துக்காக மறுக்காதீர்கள். டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் உடம்புக்குப் பூசும் பவுடரும், சில சுரங்கங்களில் டால்க்கோடு கலந்தே கிடைக்கும், புற்றுநோய் தரும் கனிம நாரான ஆஸ்பெஸ்டாஸும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' பொருட்களின் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் நெஞ்சுக்குள் போடுவது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத, கிருமிநீக்கம் செய்த டால்க். 1935 முதலே இந்தச் சிகிச்சை இருக்கிறது. டால்க்கோ கயோலின் என்ற களிமண் பொடியோ போட்டு இப்படிச் சிகிச்சை பெற்ற 210 பேரை 14 முதல் 40 ஆண்டுகள் கழித்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 1979-ல் வந்தது, அதில் ஒருவருக்குக்கூட நுரையீரல் உறைப் புற்றுநோய் வரவில்லை.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது துகளின் அளவைப் பற்றித்தான். துகள்கள் ரொம்பப் பொடியாக இருந்தால் உறையில் தங்காமல் நிணநீர் வழியாக ரத்தத்துக்குள் போய் உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பும், அரிதாக நுரையீரலே வீங்கி உயிருக்கு ஆபத்தான மூச்சுத்திணறல் வரும். பழைய ஆபத்துக் கதைகளில் பலவற்றுக்கும் இதுதான் காரணம். பெரிய துகள் டால்க்கை 558 பேருக்குப் போட்டுக் கவனித்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது, அதில் ஒருவருக்கும் அந்த நிலை வரவில்லை. அதனால் 'சின்னத் துகள்களை நீக்கிய டால்க்தானே?' என்று தயங்காமல் கேளுங்கள். மொத்தத்தில் செலுத்தும் டால்க் வழக்கமாக 4 முதல் 5 கிராம்.

அடுத்து, நீரை எடுத்தபின் நுரையீரல் முழுசாக விரிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்களா? விரியாத நுரையீரல் நெஞ்சுச் சுவரைத் தொடாது, தொடாத இடத்தில் டால்க் போட்டு என்ன பயன்? அப்படியானால் வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ள ஒரு நிரந்தரக் குழாய் பொருத்துவது நல்லது.

போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வரலாம். உறை ஒட்டுவதே அந்த அழற்சியால்தான், அதனால் பதற வேண்டாம். வலியை மட்டும் அம்மா பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மருந்து கேளுங்கள். மூச்சு வாங்குவது கூடினாலோ ஆக்சிஜன் இறங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், காலையில் சொல்லலாம் என்று விடாதீர்கள்.

அப்புறம் டிஸ்சார்ஜ் சீட்டில் 'டால்க் போடப்பட்டது', எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். டால்க் இருக்கும் இடம் பல வருடம் கழித்தும், புற்றுநோய் பரவலைப் பார்க்க எடுக்கும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், விவரம் தெரியாதவர் புற்றுநோய் பரவிவிட்டது என்று நினைத்துவிடலாம். ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.