அப்பாவின் ஓவியங்களை நகர அருங்காட்சியகம் விற்றுவிடுமா?

கேள்வி: மறைந்த என் அப்பா வரைந்த ஓவியங்களை மாநகராட்சிக்குச் சொந்தமான கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். "நகரத்துக்குக் கடன் முற்றினால் விற்றுவிடுவார்கள், என்னிடம் விடுங்கள்" என்கிறார் ஒரு தரகர். பயப்பட வேண்டுமா?

பதில்: தரகர் சொல்வது முழுப்பொய் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நடந்ததை எங்கோ கேட்டிருப்பார், பாதியை மட்டும். 2013 ஜூலையில் அந்த நகரம் திவாலானது. அருங்காட்சியகக் கட்டடமும் படங்களும் நகரத்தின் சொத்து என்பதால் கடன் கொடுத்தவர்களின் கண் சுவரில் மாட்டிய படங்கள்மேல் விழுந்தது. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வந்து விலை போட்டது, 45 கோடி டாலரிலிருந்து 87 கோடி டாலர் வரை. ஆனால் அது எண்ணியது நகரப் பணத்தில் வாங்கிய சுமார் 2,800 படைப்புகளை மட்டும். 1930இல் வாங்கிய, பழைய ஐரோப்பிய ஓவியர் புரூகலின் 'கல்யாண நடனம்' ஓவியம் அதில் உண்டு. நன்கொடையாக வந்தவை அந்தக் கணக்கிலேயே இல்லை. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமுமாக படங்களை விற்காமலிருக்க 81.6 கோடி டாலர் தருவதாக உறுதி கொடுத்து, 2014இல் எல்லாவற்றையும் தனி அறக்கட்டளையிடம் மாற்றினார்கள். ஒரு படம்கூட விற்கப்படவில்லை.

ஆக, உங்களைக் காப்பது நன்கொடைப் பத்திரம். விற்பதானால் முதலில் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதிக் கேளுங்கள். "எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள், வாங்கவே மாட்டார்கள். பெரும்பாலான படங்கள் கிடங்கில்தான் இருக்கும். பதிப்புரிமை தனி விஷயம், எழுதிக் கொடுக்காதவரை அது உங்களிடமே இருக்கும்.

வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. அந்தச் சீட்டு படம் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். சேர்க்கைப் பதிவேட்டில் எண் ஏறினால்தான் அது தொகுப்பில் சேர்ந்ததாக அர்த்தம். அதற்குக் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டால், ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். எத்தனை மாடிக் கட்டடமோ!

அப்புறம் அந்தத் தரகர். மதிப்பீட்டுச் சான்றிதழ், உள்ளே ஆள், கமிஷன் என்று எது கேட்டாலும் வாசலைக் காட்டுங்கள். நன்கொடை வாங்க எந்த நேர்மையான அருங்காட்சியகமும் உங்களிடம் கமிஷன் கேட்காது.

கொடுப்பதற்கு முன் படங்களின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அப்பா பென்சிலில் தேதி எழுதியிருந்தால் அது அங்கேதான் இருக்கும்.